லாரி விபத்தில் உயிரிழப்பு: குடும்பம் இழப்பீட்டை யாரிடம், எங்கே, எப்படிக் கேட்பது?

லாரி மோதி ஒருவர் இறந்துபோனால் 'எவ்வளவு கிடைக்கும்' என்றுதான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். அதற்கு முன்னால் தெரிய வேண்டியது வேறு: விபத்து நடந்த நேரத்தில் அவர் எங்கே இருந்தார்? ரோட்டில் நடந்துபோனாரா, பைக்கிலோ காரிலோ வந்தாரா, அதே லாரியை ஓட்டிக்கொண்டிருந்தாரா, சரக்கின் மேல் உட்கார்ந்திருந்தாரா? இதைப் பொறுத்துத்தான் எந்தச் சட்டம், எந்த அலுவலகம், யார் பணம் தர வேண்டும் என்பதெல்லாம் முடிவாகும். தவறான இடத்தில் மனு போட்டு மூன்று, நான்கு வருடங்களைத் தொலைத்த குடும்பங்கள் ஏராளம்.

வெளியே இருந்தவர் இறந்தால்

நடந்து சென்றவர், பைக் ஓட்டியவர், காரில் வந்தவர் எல்லோரும் சட்டத்தின் கண்ணில் மூன்றாம் நபர். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 166-ஆவது பிரிவில், மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போட வேண்டும். தமிழ்நாட்டு நீதிமன்றங்களில் இந்த மனுவை எம்.சி.ஓ.பி. என்பார்கள். சென்னையில் சிறு வழக்குகள் நீதிமன்றம்தான் இந்தத் தீர்ப்பாயம்.

விபத்து வேறு மாநிலத்தில் நடந்திருந்தாலும், லாரி நாகாலாந்து பதிவெண் கொண்டதாக இருந்தாலும், அங்கெல்லாம் அலைய வேண்டியதில்லை. குடும்பம் வசிக்கும் இடத்திலேயே மனு போடலாம். எதிர்மனுதாரர்களாக டிரைவர், உரிமையாளர், இன்சூரன்ஸ் நிறுவனம் மூவரையும் சேர்ப்பது நல்லது. 'லாரியை எப்போதோ விற்றுவிட்டேன், பெயர்தான் மாற்றவில்லை' என்று உரிமையாளர் சொன்னால் அது எடுபடாது. ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் நவீன் குமார் வழக்கில் சொல்லிவிட்டது.

காலக்கெடு விஷயத்தில் கவனம் வேண்டும். 2019 திருத்தத்தின்படி, 2022 ஏப்ரல் 1 முதல் விபத்து நடந்த 6 மாதத்துக்குள் மனு போட வேண்டும். இந்தக் கெடுவை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குகள் போடப்பட்டு, 6 மாதம் தாண்டியது என்ற ஒரே காரணத்துக்காக மனுக்களைத் தள்ளக் கூடாது என்று 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவு வந்தது. அதை நம்பித் தள்ளிப்போட வேண்டாம். இடைக்கால உத்தரவு எப்போது வேண்டுமானாலும் மாறும். வாரிசுச் சான்றிதழ் கைக்கு வரவில்லை என்றாலும் மனுவைப் போட்டுவிட்டுப் பிறகு தாக்கல் செய்யலாம்.

லாரி டிரைவர், கிளீனர் இறந்தால்

எதிரே வந்த வாகனத்தின் மேல் தவறு என்றால், அந்த வாகனத்தின் உரிமையாளர், இன்சூரன்ஸ் மீது மேலே சொன்ன வழியிலேயே மனு போடலாம். லாரி தானாகக் கவிழ்ந்தாலோ, இறந்த டிரைவரின் கவனக்குறைவே காரணம் என்றாலோ 166-இல் எதுவும் தேறாது. அப்போது கைகொடுப்பது ஊழியர் இழப்பீட்டுச் சட்டம். 2025 நவம்பர் வரை இது 1923-ஆம் ஆண்டுச் சட்டமாக இருந்தது; 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் 2020-ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது. வேலை நேரத்தில், வேலை காரணமாக இறந்தார் என்பது போதும். யார் தவறு என்ற பேச்சு அங்கே எழாது. மனுவை விசாரிப்பது தொழிலாளர் துறையின் ஆணையர்.

கணக்கு எளிது. மாதச் சம்பளத்தில் பாதி, அதை வயதுக்கான காரணி எண்ணால் பெருக்க வேண்டும். சம்பளம் எவ்வளவு இருந்தாலும் 15,000 ரூபாய் வரைதான் கணக்கில் வரும். 30 வயது டிரைவருக்குக் காரணி 207.98. ஆக 7,500 × 207.98 = 15,59,850 ரூபாய். ஒரு மாதத்துக்குள் தராவிட்டால் 12 சதவீத வட்டியும், நியாயமான காரணம் இல்லாத தாமதத்துக்கு உரிமையாளர் மீது 50 சதவீதம் வரை அபராதமும் உண்டு. மனுவுக்கான கெடு 2 வருடம். இரண்டு சட்டங்களிலும் வழி இருந்தால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 167-ஆவது பிரிவின்படி ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும், இரண்டிலும் வாங்க முடியாது. எதிர் வண்டியின் தவறு தெளிவாக இருந்தால் 166-தான் பெரும்பாலும் அதிகம் தரும்.

பாலிசி நகலில் எத்தனை ஊழியர்களுக்குப் பிரீமியம் கட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். கிளீனர், லோடுமேன் வழக்குகள் சிக்கிக்கொள்வது அந்த வரியில்தான். சொந்த வண்டியைத் தானே ஓட்டி இறந்தவர் யாருக்கும் ஊழியர் இல்லை. அவருக்கு இருப்பது பாலிசியோடு சேர்ந்த உரிமையாளர்-டிரைவர் தனிநபர் விபத்துக் காப்பீடு, 15 லட்சம் ரூபாய்.

சரக்கின் மேல் உட்கார்ந்து போனவர்கள்

இதுதான் மிகவும் வேதனையான வகை. கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் துக்க வீட்டுக்கும் டாடா ஏஸிலும் மினி லாரியிலும் ஆட்களை ஏற்றிக்கொண்டு போவது நம் ஊரில் சாதாரணம். சரக்கு வாகனத்தில் ஓசியில் பயணம் செய்தவருக்கு இன்சூரன்ஸ் பொறுப்பு கிடையாது. 2002-இல் ஆஷா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுவே. 2019 திருத்தத்துக்குப் பிறகு 147-ஆவது பிரிவே இதை நேராகச் சொல்கிறது. உரிமையாளர் மீது தீர்ப்பு கிடைக்கும், ஆனால் வசூலாவது அவரிடம் சொத்து இருந்தால்தான்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. சரக்கின் சொந்தக்காரரோ அவர் அனுப்பிய ஆளோ சரக்கோடு பயணம் செய்திருந்தால் பாலிசி அவருக்குச் செல்லும். தக்காளிப் பெட்டிகளோடு மார்க்கெட்டுக்குப் போன விவசாயி இறந்தால், அந்தச் சரக்கு அவருடையது என்பதைக் காட்டும் கமிஷன் மண்டிச் சீட்டு, வாடகை ரசீது ஆகியவை உயிர்நாடி. எஃப்.ஐ.ஆரில் 'லாரியில் பயணம் செய்தார்' என்று மட்டும் எழுதிவிட்டால் இன்சூரன்ஸ் தரப்பு அதையே பிடித்துக்கொள்ளும். வாக்குமூலம் கொடுக்கும்போதே சரக்கு யாருடையது என்பதைச் சொல்லி எழுத வைக்க வேண்டும்.

முதல் 90 நாள்

2022 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, விபத்து நடந்த 48 மணி நேரத்தில் போலீஸ் முதல் விபத்து அறிக்கையையும், 50 நாளில் இடைக்கால அறிக்கையையும், 90 நாளில் விரிவான அறிக்கையையும் தீர்ப்பாயத்துக்கும் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் அனுப்ப வேண்டும். குடும்பத்தின் உரிமைகளை விளக்கும் படிவத்தை 10 நாளில் உங்களிடம் தர வேண்டும். குடும்ப விவரம், வருமான விவரம் அடங்கிய 6-ஆவது படிவத்தை 60 நாளுக்குள் நீங்கள் நிரப்பித் தர வேண்டும். காகிதத்தில் இப்படி, ஸ்டேஷனில் பல நேரம் கேட்டால்தான் நகரும். படிவ எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.

எஃப்.ஐ.ஆர்., மகஜர் (சம்பவ இடத்தில் போலீஸ் எழுதும் பார்வைக் குறிப்பு), வரைபடம், போஸ்ட்மார்ட்டம் அறிக்கை, மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை, ஆர்.சி., பாலிசி, பர்மிட், எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்றிதழ்), டிரைவர் லைசென்ஸ் ஆகியவற்றின் நகல் வேண்டும். விபத்து வழக்கு ஆவணங்களைக் கட்டணம் செலுத்தித் தமிழ்நாடு காவல்துறை இணையச் சேவையிலேயே பதிவிறக்கலாம்.

இதில் அடிக்கடி நடக்கும் விபரீதம்: இறந்தவரால் பேச முடியாது, லாரி டிரைவரே புகார் கொடுத்துவிடுவார், எஃப்.ஐ.ஆரில் இறந்தவரே குற்றவாளியாகிவிடுவார். பிறகு 'எதிரி (அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்) இறந்ததால் வழக்கு முடிக்கப்பட்டது' என்று கோப்பு மூடப்படும். அதோடு எல்லாம் போயிற்று என்று நினைக்க வேண்டாம். தீர்ப்பாயத்தில் கிரிமினல் வழக்கைப் போலச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை; எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்பதைக் காட்டினால் போதும். நேரில் பார்த்த சாட்சி, டோல்கேட் மற்றும் பெட்ரோல் பங்க் கேமரா பதிவு, லாரியின் ஜி.பி.எஸ். பதிவு இவையெல்லாம் எஃப்.ஐ.ஆரை மறுக்க உதவும். கேமரா பதிவுகள் சில வாரங்களில் அழிந்துவிடும் என்பதால் உடனே எழுத்துமூலமாகக் கேட்க வேண்டும். அதே போல, டிரைவர் கிரிமினல் கோர்ட்டில் விடுதலையானாலும் இழப்பீட்டு மனு அதனால் மட்டும் தோற்றுவிடாது.

இரவில் நிறுத்திவைத்த லாரியின் பின்னால் பைக் மோதிய வழக்குகள் தனி ரகம். 'இவர்தான் வந்து மோதினார்' என்பார்கள். பார்க்கிங் விளக்கு எரிந்ததா, பின்பக்கம் ஒளிரும் பட்டை இருந்ததா அல்லது சேறு மூடியிருந்ததா, பின்புறத் தடுப்புக் கம்பி இருந்ததா, முக்கோண எச்சரிக்கைப் பலகை வைத்திருந்தார்களா, தார் ரோட்டில் எத்தனை அடியை லாரி அடைத்திருந்தது? லாரியை அகற்றுவதற்கு முன் எடுத்த நான்கு போட்டோ இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிடும்.

தொகை எப்படி வருகிறது

2009 சரளா வர்மா, 2017 பிரணய் சேத்தி ஆகிய இரண்டு தீர்ப்புகள்தான் வாய்ப்பாடு. 34 வயது எலக்ட்ரீஷியன், சொந்தத் தொழில், மாதம் 20,000 ரூபாய் வருமானம், மனைவி, இரண்டு பிள்ளைகள், தாய் என்று வைத்துக்கொள்வோம்.

வருட வருமானம் 2,40,000. எதிர்கால உயர்வுக்காக 40 சதவீதம் கூட்டினால் 3,36,000. சார்ந்திருப்போர் நான்கு பேர் என்பதால், அவருடைய சொந்தச் செலவுக்கு நான்கில் ஒரு பங்கு கழித்தால் 2,52,000. 31 முதல் 35 வயதுக்குப் பெருக்கு எண் 16. ஆக 40,32,000 ரூபாய். இதோடு உறவிழப்புக்கு (அவருடைய துணையையும் அன்பையும் இழந்ததற்கு) தலா 48,400 வீதம் நால்வருக்கு 1,93,600, சொத்திழப்புக்கு (அவர் சேர்த்து விட்டுச்சென்றிருக்கக்கூடியதன் இழப்புக்கு) 18,150, ஈமச்செலவுக்கு 18,150. மொத்தம் 42,61,900. மனு தாக்கலான நாளிலிருந்து வட்டி தனி. தமிழ்நாட்டில் பெரும்பாலும் 7.5 சதவீதம் தருகிறார்கள். உறவிழப்பு முதலான மூன்று தொகைகளும் மூன்று வருடத்துக்கு ஒருமுறை 10 சதவீதம் கூடும். இங்கே போட்டிருப்பது 2023-இல் கூடிய பிறகான அளவு.

இதே மனிதரின் வருமானத்துக்கு ஆதாரம் இல்லாமல் தீர்ப்பாயம் 12,000 என்று எடுத்துக்கொண்டால் 40,32,000 என்பது 24,19,200 ஆகச் சுருங்கும். 16 லட்சத்துக்கு மேல் வித்தியாசம், வெறும் காகிதத்தால்! வங்கிக் கணக்கு வரவுகள், ஜிபே வரவுகள், வருமானவரிக் கணக்கு, லைசென்ஸ், வேலை கொடுத்தவர்களின் சாட்சியம், எதுவானாலும் சேர்த்து வையுங்கள்.

எதிர்கால உயர்வு எல்லோருக்கும் ஒன்றல்ல. நிரந்தர வேலையில் இருந்தவருக்கு 40 வயதுக்குள் 50 சதவீதம், 40 முதல் 50 வரை 30, 50 முதல் 60 வரை 15. சுயதொழில் என்றால் முறையே 40, 25, 10. திருமணமாகாதவர் என்றால் சொந்தச் செலவுக்குப் பாதி கழிப்பார்கள். இல்லத்தரசியின் வீட்டு வேலைக்கும் வருமானம் கணக்கிட்டு இழப்பீடு தர வேண்டும் என்பதை 2021-இல் கீர்த்தி வழக்குத் தீர்ப்பு மறுபடி உறுதிசெய்தது. எல்.ஐ.சி. பணம், குடும்ப ஓய்வூதியம், கருணை வேலை எதையும் இழப்பீட்டில் கழிக்கக் கூடாது. மனுவில் குறைவாகக் கேட்டுவிட்டாலும், கணக்கு அதிகமாக வந்தால் தீர்ப்பாயம் அதிகமாகவே தரலாம்.

164-ஆவது பிரிவில், யார் தவறு என்று நிரூபிக்காமலே 5 லட்சம் ரூபாய் வாங்க வழி உண்டு. ஆனால் அதை ஏற்றுக்கொண்டால் தீர்ப்பாயத்தில் உள்ள மனு காலாவதியாகிவிடும். சம்பாதித்துக்கொண்டிருந்தவர் இறந்த வழக்கில், தவறு லாரி மேல் என்று காட்ட முடிகிறபோது இந்த 5 லட்சத்துக்குக் கையெழுத்துப் போடுவது பெரிய நஷ்டம்.

இன்சூரன்ஸ் நிறுவனம் என்ன சொல்லும்

லைசென்ஸ் இல்லை, பர்மிட் இல்லை, எஃப்.சி. முடிந்துவிட்டது என்பார்கள். மூன்றாம் நபர் வழக்கில் இதனால் குடும்பம் வெறுங்கையோடு போக வேண்டியதில்லை. முதலில் நீ குடும்பத்துக்குக் கொடு, பிறகு உரிமையாளரிடம் வசூல் செய்துகொள் என்று தீர்ப்பாயம் உத்தரவிடலாம். பர்மிட் இல்லாத லாரி வழக்கிலும் 2018-இல் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் செய்தது. சரக்கையும் சேர்த்த மொத்த எடை 7,500 கிலோவுக்குள் உள்ள சரக்கு வண்டியைச் சாதாரண இலகுரக வாகன லைசென்ஸில் ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டதால், சின்ன லாரி வழக்குகளில் லைசென்ஸ் வாதம் பெரும்பாலும் முடிந்த கதை. பைக்கில் மூன்று பேர் போனார்கள் என்பதும் தன்னளவில் இழப்பீட்டைக் குறைக்கக் காரணமல்ல. விபத்துக்கு அதுவே காரணமானதா என்று பார்க்க வேண்டும்.

லாரிக்கு இன்சூரன்ஸே இல்லை என்றால் நிலைமை மோசம். அப்போது லாரியை ஸ்டேஷனிலிருந்து விடுவிப்பதற்கு முன்பே, போதுமான உத்தரவாதம் கட்டாமல் விடக் கூடாது என்று நீதிமன்றத்தில் ஆட்சேபம் தெரிவிக்க வேண்டும். கெடுவுக்குள் உரிமையாளர் கட்டாவிட்டால் வண்டியை ஏலம் விட்டு அந்தப் பணத்தைத் தீர்ப்பாயத்தில் கட்ட வழி உண்டு. லாரி வெளியே போய்விட்டால் பிறகு பிடிப்பது கடினம்.

மோதிய லாரி நிற்காமல் போய், கடைசிவரை கண்டுபிடிக்க முடியாவிட்டால் 161-ஆவது பிரிவில் 2 லட்சம் ரூபாய். முன்பு இது 25,000-ஆக இருந்தது. விபத்து நடந்த பகுதியின் உரிமைகோரல் விசாரணை அதிகாரியிடம் விண்ணப்பிக்க வேண்டும். கலெக்டர் அலுவலகத்தில் கேட்டால் யார் என்று சொல்வார்கள். அவர் ஒரு மாதத்தில் அறிக்கை தர, கலெக்டர் அனுமதிப்பார். பணம் நேராக வங்கிக் கணக்குக்கு வரும். பிற்பாடு லாரி சிக்கினால் 166-இல் மனு போடலாம், இந்தத் தொகை அதில் கழிக்கப்படும்.

வக்கீல், சமரசம், பணம் கைக்கு வருவது

ஆஸ்பத்திரி வாசலிலேயே 'கேஸ் பார்த்துத் தருகிறோம்' என்று வெற்றுப் பேப்பரில் கையெழுத்து வாங்க ஆள் வருவார்கள். போடாதீர்கள். கிடைக்கும் தொகையில் இத்தனை சதவீதம் என்று கட்டணம் பேசுவது பார் கவுன்சில் விதிகளுக்கு விரோதம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தரும், 15100-க்கு அழைக்கலாம். கணவரை இழந்த பெண் இதற்குத் தகுதி உள்ளவர்தான்.

மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் பேசினால் சில மாதங்களில் பணம் வரும், ஆனால் அங்கே ஒப்புக்கொண்ட தொகைக்கு மேல்முறையீடு கிடையாது. போகும் முன் மேலே உள்ள கணக்கை உங்கள் குடும்பத்துக்குப் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். ஓரளவு குறைத்துக்கொண்டு உடனே வாங்குவதில் நியாயம் உண்டு. பாதிக்குப் பாதி இறங்குவதில் இல்லை.

தீர்ப்பு வந்தபின் தொகை குறைவு என்று தோன்றினால் 90 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம்; தென்மாவட்டங்களுக்கு மதுரைக் கிளை. பங்குத்தொகை அவரவர் வங்கிக் கணக்கில் வர வேண்டும் என்பதால், கணக்கு எண்ணையும் பாஸ்புக் நகலையும் மனுவோடேயே கொடுத்துவிடுங்கள். மைனர் பிள்ளைகளின் பங்கு 18 வயது வரை வங்கியில் வைப்புத்தொகையாக இருக்கும். அதன் வட்டியைத் தாய் எடுத்துக்கொள்ளத் தீர்ப்பிலேயே அனுமதி கேட்கலாம். படிப்புச் செலவுக்கோ சிகிச்சைக்கோ அசலில் கொஞ்சம் வேண்டுமென்றால், கட்டண ரசீதோடு அதே தீர்ப்பாயத்தில் தனி மனு போட வேண்டும்.