முத்தின் விலை அதன் நீரில் இருக்கிறது

முத்து வாங்க வருபவரின் கண் முதலில் பருமனில் நிற்கும். விற்பவரின் கண் ஒளியில் நிற்கும். முதலாம் இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டுகளே முத்துகளை வட்டம், அனுவட்டம் (ஏறக்குறைய வட்டம்), குளிர்ந்த நீர், சிவந்த நீர் என்று வகை பிரித்துக் கணக்கெழுதின. அந்த ‘நீர்’, அதாவது முத்தின் ஒளி, இன்றைக்கும் விலையைத் தூக்குகிறது.

சிப்பி சுரக்கும் முத்துப்பூச்சு, அரகோனைட் என்ற கால்சியம் கார்பனேட் தகடுகளின் அடுக்கு. ஒரு தகட்டின் கனம் ஏறக்குறைய அரை மைக்ரான். செங்கல்லுக்கிடையே சாந்து போல, தகடுகளுக்கிடையே புரதம். அடுக்கு சீராக இருந்தால் பல தளங்களில் பட்டுத் திரும்பும் ஒளி ஒன்றோடொன்று கலந்து, மேலே மெல்லிய வானவில் சாயல் ஓடும். ஏறுமாறாக இருந்தால் ஒளி சிதறும். முத்து சுண்ணாம்பு பூசியதுபோல் வெளிறும்.

சோதிக்கப் பளபளப்பில்லாத வெள்ளைத் துணியும் ஒரு வெள்ளை விளக்கும் போதும். முத்தில் விழும் விளக்கின் பிம்பத்தைப் பாருங்கள். விளிம்பு கத்திவெட்டாகத் தெரிந்தால் நல்ல ஒளி. பஞ்சுபோல் கரைந்தால் மட்டம். பிறகு சரத்தைத் துணிமேல் மெல்ல உருட்டுங்கள். வளர்ப்பு முத்தில் வெளிச்சமும் மங்கலும் மாறிமாறிச் சிமிட்டினால் பூச்சு மெலிது: வளர்ப்பதற்காக உள்ளே வைத்த ஓட்டுமணியின் (சிப்பி ஓட்டில் கடைந்த மணி) வரிகள்தான் அப்படித் தெரிகின்றன. பத்து மடங்கு லென்ஸில் துளையைப் பார்த்தால் மணிக்கும் பூச்சுக்கும் இடையே கோடு தெரியும்; பூச்சின் கனத்தை அங்கேயே மதிப்பிடலாம். மெலிந்த பூச்சு முதலில் உதிர்வதும் துளையோரத்தில்தான், நூல் உரசுமிடம் அதுவே. நன்னீர் வளர்ப்பு முத்துகளில் பெரும்பாலானவற்றுக்கு மணியே கிடையாது, முழுக்கப் பூச்சுதான். அதனால் இந்தக் கவலை குறைவு.

இரண்டு முத்துகளை மெதுவாக உரசினால் நறநறவென்றால் முத்து, வழுக்கினால் பெரும்பாலும் போலி. ஆனால் வளர்ப்பு முத்தும் நறநறக்கும். இயற்கை முத்தா என்று தீர்க்க ஆய்வகத்தில் எக்ஸ்ரே எடுத்தாக வேண்டும். கண்ணை நம்பிப் பணம் கொடுப்பது அசட்டுத்தனம்.

உருண்டை, மாசின்மை, நிறம் எல்லாம் அடுத்தடுத்து வரும். சரமென்றால் ஒன்றுக்கொன்று ஒப்பாக இருப்பதற்கே தனி விலை. ‘ஏஏஏ’ (AAA) என்ற தர முத்திரைக்கு உலகப் பொது அளவுகோல் இல்லை; கடைக்குக் கடை பொருள் மாறும்.

இயற்கை முத்துக்கு மரபான கணக்கு வேறு. முத்தின் எடையைக் கிரெயினில் (ஒரு கிரெயின் 50 மில்லிகிராம்) எடுத்து, அதை அதே எண்ணால் பெருக்கி, தரத்துக்குரிய விகிதத்தால் மீண்டும் பெருக்குவார்கள். 4 கிரெயினுக்கு 16 பங்கு, அதே தரத்தில் 8 கிரெயினுக்கு 64 பங்கு.