போர் ஈசானியத்தில், செப்டிக் டேங்க் வாயு மூலையில்: நடுவே எத்தனை அடி?

மனையில் நூல் கட்டும் அன்றைக்கே இரண்டு இடங்கள் முடிவாகிவிடும். தண்ணீருக்கான போர், அதாவது ஆழ்துளைக் கிணறு, ஈசானியத்தில், வடகிழக்கு மூலையில். செப்டிக் டேங்க் வாயு மூலையில், வடமேற்கில். மேஸ்திரி சுண்ணாம்புப் பொடியால் ஒரு வட்டமும் ஒரு செவ்வகமும் போட்டுக் காட்டுவார், நாமும் தலையாட்டிவிடுவோம்.

வாஸ்து வழக்குக்குள் நான் போகவில்லை. ஆனால் கிழக்கு மேற்காக மனைகள் வரிசையாக இருக்கும் ஒரு தெருவை நினைத்துப் பாருங்கள். எல்லோரும் இதே முறையில் வைத்தால், உங்கள் வடகிழக்கு மூலையும் கிழக்கு வீட்டுக்காரரின் வடமேற்கு மூலையும் ஒரே காம்பவுண்டு சுவரின் இரண்டு பக்கம். சுவருக்கு இந்தப் புறம் உங்கள் போர், அந்தப் புறம் அவருடைய செப்டிக் டேங்க்.

சரி, விதி என்ன சொல்கிறது? குடிநீர்க் கிணறு எங்கே இருக்க வேண்டும் என்பதற்கு தேசியக் கட்டிட விதித்தொகுப்பில் தெளிவான கணக்கு இருக்கிறது. குப்பைக் குழி, சாம்பல் குழி, மண் கழிப்பறை ஆகியவற்றிலிருந்து 15 மீட்டர், சுமார் 50 அடி. கழிவுநீர் மண்ணில் இறங்கும் உறிஞ்சு குழியிலிருந்து 18 மீட்டர், ஏறக்குறைய 60 அடி. தூரம் மட்டும் போதாது. கிணறு மேட்டுப் பக்கத்திலும் குழி பள்ளத்துப் பக்கத்திலும் இருக்க வேண்டும். செப்டிக் டேங்குக்கான இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 2470-ம் உறிஞ்சு குழிக்கு இதே 18 மீட்டரைத்தான் சொல்கிறது. இவை வழிகாட்டும் விதிகள். உங்கள் ஊரில் உங்களைக் கட்டுப்படுத்துவது மாநிலக் கட்டிட விதிகளும் உள்ளாட்சி தரும் அனுமதியும்தான். கேரளத்தில் அந்த மாநில விதி 7.5 மீட்டர், சுமார் 25 அடி, என்று நிற்கிறது. அங்கே உறிஞ்சு குழியோடு செப்டிக் டேங்கும் அந்தக் கணக்கில் வரும்.

இப்போது டேப்பை எடுத்துக்கொள்வோம். 30-க்கு 40 மனை, 1200 சதுர அடி. ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்குக் குறுக்கே அளந்தால் சரியாக 50 அடி. கிணற்றை ஒரு கோடியிலும் குழியை மறு கோடியிலும் வைத்தாலும் 60 அடி கிடைக்காது. 30 அடி பக்கம் வடக்கே இருந்தால், ஈசானியத்துக்கும் வாயு மூலைக்கும் நடுவே 30 அடிகூடத் தேறாது. அரை கிரவுண்டு மனைக்காரர் இந்த விதியைத் தன் மனைக்குள்ளேயே நிறைவேற்ற வழி கிடையாது என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். பக்கத்து வீட்டையும் சேர்த்துத்தான் அளக்க வேண்டும்.

அளக்கும்போது எதிலிருந்து அளப்பது? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். அடியிலும் சுவரிலும் பூசி, கசியாமல் கட்டியதுதான் செப்டிக் டேங்க். அதிலிருந்து வழியும் நீர் மண்ணில் இறங்கும் இடம் உறிஞ்சு குழி. 60 அடி அந்தக் குழிக்கானது. ஆனால் நம் ஊரில் பாதி இடங்களில் ஐந்தாறு சிமெண்ட் உறையை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கி, அடியில் தளம் போடாமல் மூடிவிட்டு, அதையே செப்டிக் டேங்க் என்கிறார்கள். “பத்து வருஷமா லாரியே கூப்பிடலை” என்று ஒருவர் பெருமையாகச் சொன்னால், அவர் வைத்திருப்பது தொட்டி இல்லை, உறிஞ்சு குழி. நிரம்ப வேண்டியதெல்லாம் மண்ணுக்குள் போய்க்கொண்டிருக்கிறது.

தூரம் ஏன் காப்பாற்றுகிறது என்றால், மண் வடிகட்டுகிறது. கிருமிகள் மண்ணில் ஒட்டி, நாள் ஆக ஆகச் சாகின்றன. தூய்மை இந்தியா திட்டத்தில் கட்டும் இரட்டைக் குழிக் கழிப்பறைக்கு இடைவெளி குறைவாகச் சொல்லியிருப்பதும் இந்தக் கணக்கில்தான். நுண்ணிய மண்ணாக இருந்து, குழியின் அடிக்கும் மழைக்காலத்து நிலத்தடி நீர்மட்டத்துக்கும் நடுவே எப்போதும் 2 மீட்டர் இருந்தால், கிணற்றிலிருந்து 3 மீட்டர் போதும். அந்த 2 மீட்டர் இல்லையென்றால் 10 மீட்டர். கரடான மணலாக இருந்தால் குழியின் அடியை அடைத்து, சுற்றிலும் அரை மீட்டருக்கு நுண்மணல் கொட்ட வேண்டும். ஆகவே வெயில் காலத்தில் கிணற்றை எட்டிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பாருங்கள்.

பாறை நிலத்தில் இந்தக் கணக்கும் கைவிடும். தமிழ்நாட்டில் பெரும்பகுதி அப்படிப்பட்ட நிலம்தான். பாறை வெடிப்புக்குள் நுழைந்த கழிவுநீரை வடிகட்ட அங்கே மண் இல்லை. நேராக ஊற்றுக்கண்ணுக்குப் போய்விடும். அப்புறம் நைட்ரேட், கழிவிலிருந்து வந்து தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு. அதை எந்த மண்ணும் பிடித்து வைக்காது, காய்ச்சினாலும் போகாது. தண்ணீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும். குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது, புட்டிப்பால் குடிக்கும் குழந்தைக்கு ஆபத்து.

இடத்துக்கு அடுத்தது கிணற்றின் வாய். அதே விதித்தொகுப்பு, கைப்பிடிச் சுவர் தரையிலிருந்து ஒரு மீட்டராவது எழ வேண்டும் என்கிறது. சுற்றிலும் 1.8 மீட்டருக்கு, அதாவது ஆறடிக்கு, நீர் இறங்காத தளம் வேண்டும். கிணற்றின் உட்சுவரையும் தரையிலிருந்து ஆறடி ஆழம் வரை கசியாமல் பூச வேண்டும். மரத்தடியில் கிணறு வேண்டாம், வைத்தால் மேலே கூரை போட வேண்டும். போராக இருந்தால், கேசிங் பைப்பை, அதாவது ஓட்டைக்குள் இறக்கும் குழாயைச் சுற்றி அரை மீட்டருக்கு அரை மீட்டர் சிமெண்ட் மேடை, தரைக்கு மேலே 30 செ.மீ., கீழே 30 செ.மீ.; இது 2010-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. குழந்தைகள் விழாமல் இருக்கச் சொன்னதுதான், ஆனாலும் மழைநீர் பைப்பை ஒட்டி இறங்குவதையும் அது தடுக்கும். கைவிட்ட போரை அடியிலிருந்து தரைமட்டம் வரை நிரப்பி மூடவும் அதே உத்தரவு சொல்கிறது. மூடாத பழைய போர், தெருச் சாக்கடை நேரே நிலத்தடி நீருக்குப் போக ஒரு குழாய்.

கேசிங் பாறையில் போய் உட்கார்ந்ததா என்று ரிக் வண்டிக்காரரிடம் நின்று கேளுங்கள். ஓட்டைக்கும் பைப்புக்கும் நடுவில் உள்ள சந்தில் மண்ணைத் தள்ளாமல் சிமெண்ட் பால் ஊற்றச் சொல்லுங்கள். செலவு கொஞ்சம் கூடும். சின்ன மனைக்காரருக்கு இது தூரத்துக்குப் பதில் ஆகாது என்றாலும், கையில் இருக்கும் ஒரே பூட்டு இதுதான்.

தோண்டுவதற்கு முன் அனுமதி உண்டு. ஊராட்சிப் பகுதியில் கிணறோ போரோ போட, 2015-ல் வந்த தமிழ்நாடு விதிகளின்படி ஊராட்சியில் விண்ணப்பித்து அனுமதி வாங்க வேண்டும். அந்த மனுவோடு ஒரு கைவரைபடம் வைத்துக்கொள்ளுங்கள்: உங்கள் குழி, நான்கு பக்கத்து வீட்டுக் குழிகள், ஒவ்வொன்றுக்கும் எத்தனை அடி. யாரும் கேட்காவிட்டாலும் உங்களுக்கு அது வேண்டும்.

கிணறு ஏற்கெனவே இருக்கிறது, பக்கத்தில் குழியும் இருக்கிறது என்றால்? தண்ணீரைப் பரிசோதியுங்கள், குறிப்பாக மழைக்குப் பிறகு. ஜல் ஜீவன் திட்டத்தில் ஊர்ப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்துக் கொடுத்திருக்கும் சோதனைப் பெட்டியில் ஒரு சின்னக் குப்பி உண்டு. தண்ணீர் ஊற்றி வைத்தால், மலக்கிருமி கலந்திருந்தால் ஒன்றிரண்டு நாளில் கறுத்துவிடும். கறுத்தால், குழாயில் வரும் ஊராட்சித் தண்ணீரைக் குடிக்க வைத்துக்கொண்டு கிணற்றை மற்ற வேலைக்கு விடுங்கள். அந்தக் குழாய்த் தண்ணீர் கிடைக்கும் வரைக்கும் கிணற்றுக்குக் குளோரின்: 1000 லிட்டருக்கு இரண்டரை கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர். 2 மீட்டர் விட்டமுள்ள கிணற்றில் 3 மீட்டர் தண்ணீர் நின்றால் சுமார் 9,400 லிட்டர், ஏறக்குறைய 25 கிராம் போதும். வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்தபின் தெளிவை மட்டும் கிணற்றில் விட்டுக் கலக்குங்கள். ஒரு மணி நேரம் யாரும் இறைக்க வேண்டாம்.