டைப்காஸ்ட்: முத்திரை குத்துவதா, பதிப்பதா?

காமெடி நடிகர்களின் பேட்டிகளில் அடிக்கடி வரும் வாக்கியம், “என்னை டைப்காஸ்ட் பண்ணிட்டாங்க.” ஒரு படத்தில் குடிகாரராக நடிக்கிறார், எடுபடுகிறது. அடுத்த பத்துப் படத்திலும் தள்ளாடிக்கொண்டேதான் வருகிறார் என்றால் அவர் டைப்காஸ்ட் ஆகிவிட்டார். ஒருவருக்கு ஒரே வகை வேடத்தைத் திரும்பத் திரும்பக் கொடுப்பதுதான் பொருள். அவராகவே ஆசைப்பட்டு அதே வேடத்தைத் தேடிப்போனால் இந்தச் சொல் சரியாக ஒட்டாது. இதில் செய்பவர் வேறு, அகப்பட்டுக்கொள்பவர் வேறு.

இது இரண்டு சொற்களின் சேர்க்கை. ‘டைப்’ கிரேக்கத்தில் பிறந்து இலத்தீன் வழியாக வந்தது. அடி, அடித்ததால் விழுந்த தடம் என்பது மூலப்பொருள். தடம் அச்சாகி, அச்சு மாதிரியாகி, கடைசியில் ‘வகை’ என்ற பொருளில் வந்து நின்றது. ‘காஸ்ட்’ பழைய நார்ஸ் என்னும் ஸ்காண்டிநேவிய மொழியில் எறிவது. ஆங்கிலத்தில் உருக்கிய உலோகத்தை அச்சில் வார்ப்பதும் காஸ்ட்தான், நாடகத்தில் யாருக்கு எந்த வேடம் என்று பங்கிடுவதும் காஸ்ட்தான். ஈய எழுத்து வார்ப்பதை அச்சுத் தொழிலில் டைப் காஸ்டிங் என்றே சொன்னார்கள். நடிப்புலகில் இந்தச் சொல் புழங்கத் தொடங்கியது இருபதாம் நூற்றாண்டில். அங்கே ‘டைப்’ என்றால் ஆள் வகை, அவ்வளவுதான். இருந்தாலும் ஈயத்தின் வாடை போகவில்லை. வார்த்து இறுகிய எழுத்து வேறு எழுத்தாக மாறாதே!

சொல் புதிது, பழக்கம் நமக்குப் புதிதல்ல. சங்கரதாஸ் சுவாமிகள் காலத்து நாடக மேடையில் ராஜபார்ட் (ராஜா), ஸ்திரீபார்ட் (பெண்), கள்ளபார்ட் (திருடன்), பபூன் (கோமாளி) என்று ஆளுக்கொரு பார்ட் உண்டு. தென் மாவட்டங்களின் ஸ்பெஷல் நாடகங்களில் இன்றும் உண்டு. வெவ்வேறு ஊர் நடிகர்கள் ஒத்திகை இல்லாமல் ஒரே ராத்திரிக்கு மேடையில் சேர்வார்கள். அவரவர் பார்ட் அவரவருக்கு மனப்பாடம் என்பதால்தான் நாடகம் விடிய விடிய ஓடுகிறது. அங்கே ஒரே வேடம் கட்டுவது குறையல்ல, அதுதான் தொழில். கள்ளபார்ட் நடராஜன் சினிமாவுக்கு வந்தபோது அந்தப் பார்ட்டும் பெயரோடு கூடவே வந்தது.

நகைச்சுவை நடிகர்கள் இதில் ஒரு படி மேல். ஒரு நாடகத்தில் தேங்காய் வியாபாரியாக வந்த சீனிவாசன், கடைசிவரை ‘தேங்காய்’ சீனிவாசன். மேடையில் தட்டச்சராக நடித்த கோபு, டைப்பிஸ்ட் கோபு. வேடம் பெயரிலேயே ஏறி உட்கார்ந்துகொள்கிறது. ஆனால் பெயரில் ஒட்டியதெல்லாம் நடிப்பில் ஒட்டிவிடாது. 1981இல் ‘தில்லு முல்லு’ படத்தில் மீசையே ஒழுக்கம் என்று நம்பும் முதலாளியாகத் தேங்காய் சீனிவாசன் வந்தபோது, தேங்காய் யாருக்கும் நினைவில் இருந்திருக்காது.

காமெடியனிடம் மட்டும் இது ஏன் இவ்வளவு எளிதாக நடக்கிறது? அவருக்குக் கிடைப்பது நாலைந்து காட்சிகள். ‘இவர் யார்’ என்று சொல்லி முடிப்பதற்குள் காட்சி முடிந்துவிடும். முகத்தைப் பார்த்ததுமே ஜனங்களுக்கு விளங்கிவிட்டால் அந்த வேலை மிச்சம். இன்னொன்று, நம் சினிமாவில் காமெடி ட்ராக் பெரும்பாலும் தனிச் சரக்கு. கதையை ஒருவரும் நகைச்சுவைப் பகுதியை வேறொருவரும் எழுதிய படங்கள் ஏராளம். கதையோடு ஒட்டாத ட்ராக்கை ஒரு படத்திலிருந்து உருவி இன்னொன்றில் செருகலாம். கவுண்டமணி அடிப்பார், செந்தில் வாங்குவார். படத்தின் பெயர் மட்டும் மாறும். (அதற்காகவே டிக்கெட் எடுத்தவர்களில் நானும் ஒருவன், குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை.)

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? ‘வகைவார்ப்பு’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்க்கலாம், ஆனால் யார் வாயிலும் நுழையாது. ‘அச்சில் வார்த்த’ என்றால் நமக்கு அது பாராட்டு. அச்சில் வார்த்த சிலை மாதிரி இருக்கிறாள் என்கிறோமே. ‘ஒரே மாதிரி வேடம்’ பொருளைச் சொல்கிறது, ஆனால் அகப்பட்டுக்கொண்ட வருத்தம் அதில் இல்லை.

தேடவே வேண்டாம், பத்திரிகைகளில் பல காலமாக இருப்பதுதான்: முத்திரை குத்துதல். ‘காமெடியன் என்று முத்திரை குத்திவிட்டார்கள்’ என்றால் யாருக்கும் விளங்கும். அடித்துப் பதிந்த தடம் என்ற கிரேக்க மூலமும் இதில் தானாக வந்துவிடுகிறது. பெயர்ச்சொல் வேண்டுமானால் ‘முத்திரை வேடம்’ என்று சொல்ல மாட்டேன், அது புகழ்ச்சியாகிவிடும். ‘முத்திரை குத்தப்பட்ட நடிகர்’ என்று கொஞ்சம் நீட்டியே எழுதலாம்.

வினையில்தான் கவனம் வேண்டும். முத்திரை குத்துவது பிறர், முத்திரை பதிப்பது நடிகர். 2009இல் ‘வெண்ணிலா கபடிக்குழு’ வந்ததும் சூரியைப் ‘பரோட்டா’ சூரி என்று முத்திரை குத்தினார்கள். 2023இல் ‘விடுதலை’ படத்தில் கதாநாயகனாக அவர் முத்திரை பதித்தார். இங்கே வினைகளை இடம் மாற்றிப் போட்டால் பொருளே தலைகீழாகிவிடும்.