நித்திரை குறைந்தால் இரத்தக்குழாய்க்குள் என்ன நடக்கிறது?

மல்லாவியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார்: “எனக்கு 54 வயது. மாதவிடாய் நின்று மூன்று வருசம். இரவில் உடம்பு கொதித்து எழும்பிவிடுவன், பிறகு நித்திரை வராது. இது இருதயத்தைப் பாதிக்குமோ?”

பாதிக்கலாம். காரணத்தை இரத்தக்குழாயின் உட்புறத்தில் தேட வேண்டும்.

குழாயின் உள்ளே ஒரே ஒரு கலத் தடிப்பில் ஒரு படை இருக்கிறது. இரத்தம் உரசிக்கொண்டு ஓடும்போது அந்தக் கலங்கள் அதை உணர்கின்றன. உடனே ஒரு நொதியம் ஆர்ஜினைன் என்ற அமினோ அமிலத்திலிருந்து நைத்திரிக் ஒட்சைட்டைத் தயாரிக்கிறது. சில விநாடிகளே உயிர்வாழும் வாயு அது. அதற்குள் பக்கத்துத் தசைக்குள் ஊறி அதைத் தளர்த்துகிறது, குழாய் விரிகிறது. நெஞ்சுவலிக்கு நாக்கின் கீழ் வைக்கும் குளிசை உடம்பில் விடுவதும் இதையேதான். அந்தக் குளிசையில் இருப்பது நைட்ரோகிளிசரின். அதை வைத்து டைனமைட் செய்து பணக்காரரான அல்பிரட் நோபலுக்கே கடைசிக் காலத்தில் இருதயத்துக்கு அதைத்தான் எழுதிக் கொடுத்தார்கள். இந்த வாயுவின் வேலையைக் கண்டறிந்த மூவருக்கு 1998இல் அவர் பெயரிலான பரிசும் கிடைத்தது!

சரி, விசயத்துக்கு வருவோம். அந்த நொதியத்தை ஊக்குவிப்பது ஈஸ்திரஜன் என்ற பெண் ஹோர்மோன். மாதவிடாய் நின்றபின் அது குறைகிறது, வாயுவின் உற்பத்தியும் குறைகிறது. நித்திரைக் குறைவு மறுபக்கத்தால் வருகிறது. நியூயோர்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில், ஆரோக்கியமான பெண்களை ஆறு வாரம் வழக்கத்தைவிட ஒன்றரை மணி நேரம் குறைவாகத் தூங்கவைத்துப் பார்த்தார்கள். உட்படைக் கலங்களில் ஒட்சியேற்ற அழுத்தம், அதாவது கலங்களைச் சேதமாக்கும் ஒட்சியேற்றிகள் மிஞ்சிப்போகும் நிலை, கூடியது; அதை எதிர்க்கும் பாதுகாப்பு விழித்துக்கொள்ளவில்லை. அப்படிச் சேரும் ஒட்சியேற்றிகள் நைத்திரிக் ஒட்சைட்டை அழிப்பவை. ஆக, குறைவாக உண்டாவதும் கூடுதலாக அழிவதும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன; வாயு குறைந்தால் குழாய் நன்றாக விரியாது, இருதயத்துக்குச் சுமை கூடும்.

இன்னொன்று. நல்ல நித்திரையில் பிரஷர் 10 முதல் 20 சதவீதம் இறங்க வேண்டும். அடிக்கடி விழித்தால் அந்த இறக்கம் கெடும். கிளினிக்கில் பகலில் பார்க்கும் பிரஷரில் இது பிடிபடாது. யானைக்குக் காவலிருந்தும் தனியாகக் குடும்பத்தைச் சுமந்தும் நித்திரை கெட்ட பெண்கள் வன்னியில் எத்தனை பேர்! 24 மணி நேரமும் பிரஷர் அளக்கும் கருவியைக் கையில் கட்டி இவர்களை ஆராயப் பணம் ஒதுக்கினால் என்ன என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

நூல் கட்டச் சொல்பவர்கள் இருப்பார்கள். கட்டுங்கள், கெடுதியில்லை. ஆனால் குறட்டை, மூச்சு நின்று விழிப்பது, உடம்பு கொதிப்பது எல்லாவற்றையும் அடுத்த கிளினிக்கில் டொக்டரிடம் சொல்லுங்கள். மூன்றுக்கும் சிகிச்சை உண்டு.