பாதாள சாக்கடைத் திட்டம்: தென்பெண்ணைக் கரை நகரவாசிகள் அறிய வேண்டியவை

நந்தி மலைப் பகுதியில் தோன்றும் தென்பெண்ணை, ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணை, கிருஷ்ணகிரி அணை, தருமபுரி மாவட்டத்து இருமத்தூர், சாத்தனூர் ஆகியவற்றைக் கடந்து கடலூர் அருகே வங்கக் கடலில் கலக்கிறது. எனவே கடலூர்க் கரையோர நீரைக் காக்கும் வேலையைக் கடலூரில் மட்டும் செய்து முடித்துவிட இயலாது. மேலேயுள்ள நகரங்களின் கழிவுநீரும் கணக்கில் வர வேண்டும். கெலவரப்பள்ளியில் மதகு திறக்கும்போது வெள்ளை நுரை பொங்கி வருவதைப் பார்த்தவர்களுக்கு இதை மேலும் விளக்கத் தேவையில்லை.

ஒரு நகரத்துக்குப் பாதாள சாக்கடை திட்டமிடுவது எளிய கணக்கில் தொடங்குகிறது. தலைக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் குடிநீர் வழங்கப்பட்டால், அதில் 80 விழுக்காடு, அதாவது 108 லிட்டர், கழிவுநீராகத் திரும்பும் என்று கொள்கிறார்கள். 70,000 பேர் வாழும் ஊரில் இது ஒரு நாளைக்கு 75.6 லட்சம் லிட்டர். எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் குளியலும் சமையலும் நடக்கும் காலைப் பொழுதில் வரத்து சராசரியைப் போல 2.25 மடங்கு இருக்கும் என்று கொண்டு, 30 ஆண்டுக்குப் பிந்தைய மக்கள்தொகைக்கே குழாயின் அளவை முடிவு செய்கிறார்கள். குழாய் பெரிதாக இருந்தால் மட்டும் போதாது. உச்ச வரத்து நேரத்திலாவது நொடிக்கு 0.6 மீட்டர் வேகத்தில் நீர் ஓடாவிட்டால் மணலும் கசடும் அடியில் தங்கிவிடும். நம் ஊர்களின் மேடுபள்ளம் இந்த ஓட்டத்துக்கு உதவுகிறது என்றாலும், அதே கருங்கல் பூமியில் பள்ளம் தோண்டுவதுதான் பெரும்பாடு.

நிதி எங்கிருந்து வருகிறது என்பது ஊரின் அளவைப் பொறுத்தது. நகரங்களின் குடிநீர், கழிவுநீர்ப் பணிகளுக்காக 2021 அக்டோபர் 1 அன்று தொடங்கப்பட்ட ஒன்றிய அரசின் அம்ருத் 2.0 திட்டத்தில், 1 லட்சம் முதல் 10 லட்சம் வரை மக்கள்தொகை உள்ள நகரங்களின் பணிகளுக்கு ஒன்றிய அரசு மூன்றில் ஒரு பங்கு தருகிறது. 2011 கணக்கெடுப்பின்படி ஓசூர் இந்த வகையைச் சேர்ந்தது. அதே நாளில் தொடங்கப்பட்ட தூய்மை இந்தியா நகர்ப்புற இயக்கம் 2.0-இல் கழிவுநீருக்கான பகுதி, 1 லட்சத்துக்குக் குறைவான மக்கள் வாழும் ஊர்களுக்கானது; அந்தக் கணக்கெடுப்பின்படி கிருஷ்ணகிரியும் தருமபுரியும் இதில் அடங்கும். ஆனால் இந்த இரண்டாவது திட்டத்தின் பணம் சாக்கடையை இடைமறித்துத் திருப்பும் அமைப்பு, உந்து நிலையம், சுத்திகரிப்பு நிலையம், கசடு அகற்றும் வாகனம் போன்றவற்றுக்கானது என்பதைக் கவனிக்க வேண்டும். தெருத்தெருவாகக் குழாய் பதிக்கும் செலவு அதில் வராது.

பாதாள சாக்கடை உள்ள தெருவில் வீட்டு உரிமையாளர் நகராட்சிக்கோ மாநகராட்சிக்கோ விண்ணப்பித்து, வைப்புத் தொகை செலுத்தி இணைப்புப் பெற வேண்டும். பிறகு சேவைக் கட்டணமும் உண்டு. இந்தச் செலவைத் தவிர்ப்பதற்காகப் பலரும் பழைய செப்டிக் டேங்கின் வழிநீரைத் திறந்த வாய்க்காலிலேயே விட்டுவைக்கிறார்கள். அதனால் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போக வேண்டிய நீர் ஓடை வழியாக ஆற்றுக்குப் போகிறது. மொட்டை மாடி மழைநீர்க் குழாயைக் கழிவுநீர்த் தொட்டியோடு சேர்ப்பது இன்னொரு தவறு. ஐப்பசி மழையில் தெருவின் தாழ்ந்த முனையில் மேன்ஹோல் மூடி எழும்பிக் கறுப்பு நீர் வாசலுக்கு வருவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். கொத்தனார் குழாயைச் சேர்க்கும் நாளில் உடன் நின்று பார்த்தால் தவிர்க்கலாம்.

குழாய் வராத தெருக்களில் செப்டிக் டேங்கை இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை உரிமம் பெற்ற வாகனத்தைக் கொண்டு காலி செய்ய வேண்டும். அந்தக் கசடு ஏரிக்கரையிலோ ஆற்றுப் படுகையிலோ கொட்டப்படாமல், சுத்திகரிப்பு நிலையத்தைத்தான் சேர வேண்டும். வாகனம் தேவைப்படுவோர் 14420 என்ற எண்ணை அழைக்கலாம். பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் செப்டிக் டேங்கைச் சுத்தம் செய்ய ஆளை இறக்குவதை கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. மீறினால், முதல் குற்றத்துக்கே 2 ஆண்டு வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். இறக்கியவர் வீட்டுக்காரராக இருந்தாலும் இது பொருந்தும்.