மின்சுற்றுப் பலகையா, சுற்று வாரியமா?

இருட்டினால் தானே எரியும் சின்ன விளக்கு ஒன்றுக்காகத் தீப்பெட்டி அளவில் ஒரு பலகையை வடிவமைத்தேன். ஒரு எல்.இ.டி., வெளிச்சத்துக்கு ஏற்ப மின்தடை மாறும் ஒரு எல்.டி.ஆர்., ஒரு டிரான்சிஸ்டர், இரண்டு ரெசிஸ்டர், அவ்வளவுதான். யார் வேண்டுமானாலும் எடுத்துச் செய்துகொள்ளட்டும் என்று பலகை வடிவமைக்கும் மென்பொருளான கீகேட்டின் கோப்புகளைப் பொதுவில் வைத்தேன். ஒருவர் நல்ல மனதோடு அதன் செய்முறைக் குறிப்பைத் தமிழாக்கி அனுப்பினார். முதல் வரி இப்படி: "இந்த அச்சிடப்பட்ட சுற்று வாரியத்தில் ஐந்து உதிரிகள் உள்ளன." அதைப் படித்த ஒன்பதாம் வகுப்புப் பெண் என்னிடம் கேட்டாள், "அண்ணா, வாரியம்னா ஈ.பி. ஆபீஸ்தானே? அது எதுக்கு இதுல வருது?"

அவள் கேட்டதில் தவறே இல்லை. இந்தச் 'சுற்று வாரியம்' என் கண்ணில் படுவதும் இது முதல் முறை இல்லை. பொருள் விளம்பரங்களிலும் கருவிக் கையேடுகளிலும் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது.

நாம் பேச்சில் பிசிபி என்று சொல்வது 'பிரிண்டட் சர்க்யூட் போர்டு' என்பதன் சுருக்கம். சர்க்யூட் என்பதன் லத்தீன் வேருக்குச் சுற்றி வருதல் என்று பொருள். நம் 'சுற்று' அப்படியே பொருந்துகிறது. பாடநூல்களில் மின்சுற்று என்ற சொல் நிலைத்தும் விட்டது. போர்டு என்றால் மரப்பலகை. பிரிண்டட் எப்படி வந்தது என்றால், வியன்னாவில் பிறந்த பால் ஐஸ்லர் 1936 வாக்கில் லண்டனில், கம்பிகளுக்குப் பதில் செப்புத் தடங்கள் போட்ட பலகையை வைத்து ஒரு வானொலிப் பெட்டி செய்தார். தடங்களை உருவாக்க அவர் கையாண்டது அச்சுத் தொழிலின் முறை.

சரி, வாரியத்துக்கு வருவோம். ஆங்கிலத்தில் பலகையைக் குறித்த போர்டு என்ற சொல் மேசையையும் குறித்தது; பிறகு அந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்து முடிவெடுக்கும் ஆட்களையே குறித்தது. ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள் வந்தது அப்படித்தான். தமிழில் வாரியம் ஒருநாளும் மரத்துண்டாக இருந்ததில்லை. சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில், கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளில், ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் எல்லாம் வருகின்றன. அங்கே வாரியம் என்பது குடவோலையில் தேர்ந்தெடுக்கப்பட்ட மனிதர்களின் குழு. ஆயிரத்து நூறு ஆண்டுகளாக அந்தச் சொல்லுக்குள் மனிதர்கள்தான் இருக்கிறார்கள். மின்சார வாரியம், வீட்டு வசதி வாரியம் என்று இன்றைக்கும் அதே பொருளில் அழகாக வேலை செய்யும் சொல்லை எடுத்து ஒரு கண்ணாடியிழைத் தகட்டின் மேல் ஒட்டுவது அந்தச் சொல்லுக்கே செய்யும் கேடு.

நமக்கும் பலகையில் அவை கூடிய கதை உண்டு. மதுரையில் புலவர்களுக்கு இடம் கொடுத்து நீண்டது சங்கப் பலகை. ஆனால் கூடிய அவை சங்கம். உட்காரக் கொடுத்தது பலகை. இரண்டையும் குழப்பிக்கொள்ளாத மொழி இது. கரும்பலகை, பெயர்ப்பலகை, விசைப்பலகை என்று எத்தனையோ வந்துவிட்ட பிறகும் பலகை என்ற சொல் கைக்கு எட்டவில்லை என்றால், மொழிபெயர்த்தவர் பொருளைப் பார்க்கவில்லை, அகராதியின் ஏதோ ஒரு வரியை மட்டும் பார்த்தார் என்றுதான் அர்த்தம்.

'அச்சிடப்பட்ட' என்பதும் எனக்கு உறுத்துகிறது. அச்சுப் புத்தகம், அச்சு வெல்லம் என்று சொல்கிற நாம் 'அச்சுச் சுற்றுப் பலகை' என்றாலே போதும். அச்சு என்பதே தவறு, பொறிப்பு என்று சொல்லவேண்டும் என்பாரும் உண்டு. அவர்கள் பக்கம் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. 1.6 மி.மீ. தடிமனுள்ள பலகையின் மேல் 35 மைக்ரான் செம்பு படிந்திருக்கும். வேண்டிய தடங்களை மையால் மூடிவிட்டுப் பலகையை ஃபெரிக் குளோரைடு கரைசலில் போட்டு ஆட்டினால், பழுப்புக் கரைசலுக்குள் மற்ற செம்பெல்லாம் கரைந்துபோய், மைக்கு அடியில் இருந்தது மட்டும் தங்கும். ஆகவே அச்சாவது மைதான், செம்பு அரிக்கப்படுகிறது. ஆனாலும் அந்தச் சண்டை எனக்கு வேண்டாம். இன்று நம் கைக்கு வரும் பலகை ஏறக்குறைய எல்லாமே இப்படிச் செய்ததுதான் என்பதால், 'மின்சுற்றுப் பலகை' என்பதே தெளிவு. வெறும் 'சுற்றுப் பலகை' என்றால் எதைச் சுற்றுவது என்ற கேள்வி வரும். மின் என்ற அந்தச் சிறு சொல் அதைத் தீர்த்துவிடுகிறது. பேச்சில் பிசிபி என்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை. வாரியத்தைவிட அது ஆயிரம் மடங்கு மேல்.

அதே குறிப்பில் அப்புறம் வந்தவை இன்னும் மோசம். ஆங்கிலத்தில் ட்ரேஸ் எனப்படும் செப்புத் தடத்தைத் 'தடயம்' என்று எழுதியிருந்தது. தடயம் போலீஸ் தேடுவது. பலகையின் மேல்பக்கத் தடத்தைக் கீழ்ப்பக்கத்தோடு சேர்க்கும் செம்பு பூசிய துளைக்கு ஆங்கிலத்தில் வயா என்று பெயர்; அதற்கு 'வழியாக' என்று போட்டிருந்தது. "இரண்டு வழியாகக்களை இடுங்கள்" என்ற வரியை எந்தப் பிள்ளை புரிந்துகொள்ளும்? இணைப்புத் துளை என்றால் பலகையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்ததுமே விளங்கிவிடும். இணையத்தில் கோப்பைத் திறந்துவிடுவதால் மட்டும் பகிர்ந்ததாகிவிடாது. படித்துச் செய்ய முடிந்தால்தான் அது பகிர்வு.

பற்றவைக்கும் இடத்தில்தான் எனக்கே கை நின்றது. உருக்கி ஒட்டவைக்கும் சால்டருக்குப் பற்றாசு என்ற பழஞ்சொல் இருக்கிறது. ஆசிடை வெண்பாவில் இடையில் ஒட்டவைக்க வரும் ஆசு அதுதான். ஆனால் ரேடியோ கடையில் வேலை பழகியவர்கள் சொல்வது "ஈயம் வை". மொழிபெயர்ப்பில் 'ஈயமற்ற சால்டர்' என்று இருந்தது. தமிழில் காரீயமும் (லெட்) ஈயம், வெள்ளீயமும் (டின்) ஈயம். பாத்திரத்துக்குப் பூசுவது வெள்ளீயம். அந்தச் சால்டரில் பெரும்பங்கு வெள்ளீயமே. அதனால் "காரீயம் கலக்காத ஈயம் வையுங்கள்" என்று திருத்திக் குறிப்பைத் திருப்பி அனுப்பினேன்.