செட்டிங் என்னும் களம்

பகடை உருட்டி, ஆளுக்கொரு கதாபாத்திரமாக மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடும் ரோல்பிளே ஆட்டங்களில், ஆட்டம் நடக்கும் உலகத்துக்கு ‘செட்டிங்’ என்று பெயர். அந்த உலகின் நிலம், காலம், ஆட்சி, ஆட்கள், அங்கே எது நடக்கும் எது நடக்காது என்ற கட்டு எல்லாம் இதில் அடங்கும். ஆட்டவிதி வேறு. இருபது முகப் பகடையில் 15 விழுந்தால் பாறை ஏறலாம் என்பது விதி. அது எந்தப் பாறை, ஏறினால் யார் கண்ணில் படுவோம் என்பது செட்டிங்.

ஆங்கிலத்தில் ‘செட்’ என்பது ‘சிட்’ என்ற வினையின் பிறவினை. உட்காரவைப்பது என்று பொருள். தமிழில் ‘இரு’ என்பதிலிருந்து ‘இருத்து’ பிறந்ததும் இப்படித்தான். மோதிரத்தில் கல் பதிப்பதும் ஆங்கிலத்தில் செட்டிங்தான். கதையை ஓரிடத்தில் இருத்துவது என்ற பொருளும் இதே வழியில் வந்தது.

தமிழில் இதற்குப் ‘பின்னணி’, ‘பின்புலம்’ என்று எழுதுகிறார்கள். நாவலுக்கு அது பொருந்தலாம், இந்த ஆட்டத்துக்குப் பொருந்தாது. பின்னால் தொங்கும் திரைச்சீலையை யாரும் தொடுவதில்லை. செட்டிங்கையோ ஆடுபவர்கள் தோண்டுவார்கள், கொளுத்துவார்கள், விலை பேசுவார்கள். ‘களம்’ என்பதே சரியான சொல். ராகி அடிக்கும் இடமும் களம், போர் நடக்கும் இடமும் களம், ஆடும் இடமும் களம். மூன்றிலும் ஏதோ ஒரு செயல் நடக்கிறது. தொல்காப்பியம் செய்யுளியலில் செய்யுளின் 34 உறுப்புகளை எண்ணும்போது ‘கேட்போர் களனே காலவகை’ என்று களனையும் ஓர் உறுப்பாகவே வைக்கிறது.

களம் அமைக்கும் வேலைக்கும் அந்த நூலில் நல்ல படிவம் இருக்கிறது. முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும். கருப்பொருள் என்பது தெய்வம், உணா, மா, மரம், புள், பறை, செய்தி, யாழ் என்ற எட்டும் அவை போன்ற பிறவும். ஒவ்வொரு நிலத்துக்கும் இந்த எட்டையும் ஒவ்வொரு வரியாக எழுதினால் ஒரு தாளில் களம் எழுந்து நிற்கும். ‘செய்தி’ என்பது அங்குள்ளோரின் தொழில். புதிதாக எழுதுபவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது இதைத்தான். தொழில் இல்லாத ஊரில் ஆடுபவருக்குப் பேச ஆளே கிடைக்காது.

தருமபுரியின் பழைய பெயரான தகடூரைச் சுற்றி ஒரு களம் என்று வைத்துக்கொள்வோம். வரைபடத்தை அறுகோணக் கட்டங்களாகப் பிரித்து, கட்டம் ஒன்றுக்கு 10 கி.மீ. என்றால், தருமபுரியிலிருந்து ஒகேனக்கல் ஏறத்தாழ ஐந்து கட்டம், நடையில் இரண்டு நாள். நடுவில் ஒன்று, சுற்றி ஆறு என ஏழு கட்டம் வரைந்தால் தொடக்கத்துக்குப் போதும். ஊர்ப்பெயரை ஒலிக்காக மட்டும் உருட்டிவிடக் கூடாது. ஒகேனக்கல் என்பதில் கன்னடத்து ‘ஹொகே’, அதாவது புகையும், கல்லும் இருக்கின்றன. எந்த மொழி அந்தப் பக்கம் புழங்கியது, அருவி எப்படித் தெரிந்தது என்ற இரண்டையும் ஒரே பெயர் சொல்லிவிடுகிறது.

இனி ‘சயின்ஸ் ஃபேன்டஸி’, அதாவது அறிவியல் மிகுபுனைவு. எந்திரமும் மந்திரமும் ஒரே நிலத்தில் இருக்கும் வகை இது. தமிழ் மரபில் இதற்கு நெருங்கிய உறவு திணைமயக்கம். ஒரு நிலத்தின் பூவோ பறவையோ வேறு நிலத்துக்கு வந்தால் ‘வந்த நிலத்தின் பயத்த ஆகும்’ என்கிறது தொல்காப்பியம். இந்த வகைக் களத்துக்கு இதைவிடக் கூர்மையான விதி கிடைக்காது. வானிலிருந்து விழுந்த எந்திரம் விழுந்த மண்ணின் வழக்கத்துக்குள் வந்தாக வேண்டும்.

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதி நடுகல்லுக்கு, அதாவது இறந்த வீரருக்கு நட்ட நினைவுக்கல்லுக்குப் பேர்போனது. யார் ஆட்சி, எத்தனையாவது ஆண்டு, எந்த ஊர், யார் தொறு கொண்டார், யார் மீட்டுப் பட்டார் என்று அவற்றின் கல்வெட்டுகள் சொல்லும். தொறு என்பது மாட்டுமந்தை, பட்டான் என்றால் இறந்தான். களத்தின் முதல் பத்தியையும் இந்த ஐந்து தகவலோடு நிறுத்துவது நல்லது. இப்போது நினைவைச் சேமிக்கும் விண்ணெந்திரம் ஒன்று இந்த மண்ணில் நடுகல்லாகிவிட்டது என்று வையுங்கள். உள்ளங்கை வைத்தால் பட்டவனின் கடைசி நாழிகை தெரியும். நடுகல் நாட்டும் மரபில் உள்ள காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என்ற ஆறு படியும் முடிந்தால்தான் கல் விழிக்கும். ஒவ்வொரு படியும் ஆட்டத்தில் ஒரு காட்சியாகும்: கல்லைத் தேடுவது, கொண்டுவருவது, நீராட்டுவது என்று. விலையும் வேண்டும்: தொட்டவர் விடியும்வரை தன் பெயரை மறப்பார். விலை இல்லாவிட்டால் எல்லா வழக்கையும் கல்லைத் தொட்டே தீர்த்துவிடுவார்கள், துப்பு தேட வேலையே இராது.

எந்திரமும் மந்திரமும் ஒரே வேலையைச் செய்வது இன்னொரு பெரிய பிழை. மந்திரமும் காயம் ஆற்றும், கருவியும் ஆற்றும் என்றால் இரண்டில் ஒன்று அலங்காரமாகிவிடும். மந்திரம் காயத்தை ஆற்றட்டும், கருவி வலியை மட்டும் நிறுத்தட்டும். எதைத் தேடிப் போவது என்று ஆடுபவர்கள் வாதாடத் தொடங்குவார்கள்.

வழியில் எதிர்ப்படுபவற்றின் பட்டியலுக்கு ஒரே ஆறுமுகப் பகடை போதாது. ஆறு வரியும் சம வாய்ப்பில் வருவதால், ஆறு முறைக்கு ஒரு முறை விண்மிருகம் வந்து அதிசயம் சலித்துப்போகும். இரண்டு பகடையின் கூட்டுத்தொகையை எடுத்தால் 36 சேர்க்கைகளில் 6, 7, 8 மட்டுமே 16 முறை வரும். ஆடு மேய்ப்பவர், ராகி வண்டி, பரிசல்காரர் அங்கே இருக்கட்டும். 2, 12 இரண்டும் 36இல் ஒவ்வொரு முறைதான்; விண்மிருகத்துக்கு அந்த இடம்.

களக்குறிப்பு, களநூல், களப்படம் என்று கூட்டுச்சொற்களும் எளிதாக அமைகின்றன. எழுதும்போது ளகரத்தில் கவனம் வேண்டும். கலம் என்றால் ஏனம், கப்பல். விண்கலமும் உலவும் இந்த வகையில் ‘கலம் எரிந்தது’ என்று தவறி எழுதினால், நாடு எரிந்ததா ஊர்தி எரிந்ததா என்று மேசையில் ஒருவருக்கும் புரியாது.